டவர் அடித்தளம் சாய்ந்துவிட்டதா? முதலில் எது சாய்ந்தது என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: சாத்தூருக்குப் பக்கத்தில் கரிசல் நிலத்தில் ஒருவர் தன் ஹாம் ரேடியோ ஆன்டெனாவுக்கு 15 மீட்டர் டவர் போடுகிறார். மூன்று கால் டவர், அதில் ஒரு கால் தெற்கே. அடியில் முகத்துக்கு (காலுக்குக் கால்) 90 செ.மீ., உச்சியில் 30 செ.மீ. ஸ்டே கம்பி கிடையாது, தானாக நிற்கும் வகை. 1.5 மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் கான்கிரீட் போட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒவ்வொரு காலுக்கும் தனி பேஸ் பிளேட் (அடித்தகடு), அதைப் பிடிக்கக் கான்கிரீட்டில் புதைத்த நான்கு எம்20 ஜே போல்ட். முதல் 3 மீட்டர் துண்டை மாட்டி, உச்சி மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் 15 மி.மீ. தெற்கே தள்ளி விழுகிறது. "மேலே போனதும் கம்பி கட்டி வடக்கே இழுத்தால் நேராகிவிடும்" என்கிறார் கொத்தனார். "ஒரு காலை அறுத்து நேராக்கி வெல்டு வைத்துத் தருகிறேன்" என்கிறார் வெல்டர். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் டவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் தெற்குக் காலுக்கு அடியில் 4 மி.மீ. தகடு ஒன்றுதான். ஆனால் அந்தத் தகட்டை வைப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். சாய்ந்திருப்பது இரும்பா, அதற்கு அடியில் இருக்கும் கான்கிரீட்டா? கான்கிரீட் என்றால் தகடு நோயை மறைக்கும், தீர்க்காது.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். 3 மீட்டருக்கு 15 மி.மீ. என்றால் மீட்டருக்கு 5 மி.மீ. அப்படியே மேலே போனால் 15 மீட்டர் உச்சியில் 75 மி.மீ. தள்ளி நிற்கும். ஸ்டே கம்பி கட்டிய டவர்களுக்கு அமெரிக்காவின் டிஐஏ-222 தரநிலை 400-இல் 1 பங்கு சாய்வைத்தான் அனுமதிக்கிறது. நான் எல்லா டவருக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்கிறேன். அதன்படி உங்கள் 15 மீட்டருக்கு 37 மி.மீ. வரை போகலாம், உங்களுடையது அதைப்போல் இரண்டு மடங்கு. சரிசெய்ய வேண்டியதுதான், சந்தேகமில்லை.

ஆனால் இந்தச் சாய்வே டவரைக் கீழே தள்ளிவிடுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். டவரின் எடை 350 கிலோ, ஆன்டெனாவும் அதைத் திருப்பும் ரோட்டேட்டரும் சேர்ந்து 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாய்வினால் அடிப்பகுதியில் கூடும் திருப்புவிசை ஏறக்குறைய 14 கிலோகிராம்-மீட்டர். இனி காற்றைப் பாருங்கள். இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மதுரைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்தக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 93 கிலோ விசையோடு மோதும். அரை சதுர மீட்டர் பரப்புள்ள சின்ன யாகி ஆன்டெனா மட்டுமே 15 மீட்டர் உயரத்தில் 700 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை தரும். டவர் உடம்பில் மோதும் காற்றை இன்னும் சேர்க்கவே இல்லை. சாய்வு சேர்ப்பது அதில் ஐம்பதில் ஒரு பங்கு. சென்னையில் இதே டவரைப் போட்டால் அங்கே வேகம் 50 மீட்டர், விசை ஒன்றரை மடங்குக்கும் மேல். டவரைச் சாய்ப்பது காற்று, மண், துரு இந்த மூன்றும்தான். 15 மி.மீ. சாய்வு அவற்றில் ஏதோ ஒன்று உள்ளே வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். அதனால்தான் காரணத்தைத் தேடச் சொல்கிறேன்.

அளவை இன்னொரு முறை எடுங்கள், இந்த முறை விடியற்காலையில். இரும்பு வெயிலில் நீளும். வெயில் படும் கால் மற்ற இரண்டு கால்களைவிட 5 டிகிரி கூடுதலாகச் சூடானால், உங்கள் அளவு டவரின் உச்சி 12 மி.மீ.க்குப் பக்கத்தில் நகர்ந்துவிடும். 3 மீட்டர் துண்டில் இது பெரிதாகத் தெரியாது. முழு டவரும் ஏறியபின் பத்து மணி வெயிலில் அளந்துவிட்டு "நேற்று நேராக இருந்ததே" என்று குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றும் அடங்கியிருக்க வேண்டும். தூக்குக்குண்டு ஆடிக்கொண்டே இருந்தால், குண்டு மூழ்கும் அளவுக்கு ஒரு வாளித் தண்ணீரில் அதைத் தொங்கவிடுங்கள், ஆட்டம் நின்றுவிடும்.

மையத்திலிருந்து குண்டு விட்டதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும், ஏனென்றால் பலர் ஒரு காலில் ரசமட்டத்தைச் சாய்த்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். உங்கள் டவர் மேலே போகப்போகக் குறுகுவது. கால்களே செங்குத்தாக இல்லை. 90 செ.மீ. முகம் 15 மீட்டரில் 30 செ.மீ. ஆகிறது என்றால் ஒவ்வொரு காலும் மையத்தை நோக்கி மீட்டருக்கு 23 மி.மீ. உள்வாங்கித்தான் நிற்க வேண்டும். சரிபார்க்க விரும்பினால் மூன்று காலிலும் அந்த உள்வாங்கலை அளந்து எழுதுங்கள். டவர் நேராக இருந்தால் மூன்றும் 23. தெற்கே மீட்டருக்கு 5 மி.மீ. சாய்ந்திருந்தால் தெற்குக் காலில் 18, மற்ற இரண்டிலும் இருபத்தைந்தரை வரும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மறுபடி 23 வர வேண்டும். வரவில்லை என்றால் துண்டு செய்யும்போதே ஏதோ ஒரு கால் கோணலாக வெல்டு ஆகியிருக்கிறது. அப்போது பிரச்சினை அடித்தளத்தில் இல்லை, பட்டறையில். தகடு வைத்து அதைத் தீர்க்க முடியாது, அந்தத் துண்டைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ரசமட்டம் வைக்கும்போது காலை விரலால் தடவிப் பாருங்கள். கால்வனைஸ் செய்த குழாயில் துத்தநாகம் வழிந்து மெழுகுவத்திச் சொட்டு மாதிரி அங்கங்கே உறைந்து நிற்கும். ஓர் அடி நீள ரசமட்டத்தின் ஒரு முனை அப்படி 1 மி.மீ. சொட்டின் மேல் உட்கார்ந்தால், மீட்டருக்கு 3 மி.மீ.க்கு மேல் பொய் சொல்லும். உங்கள் பிரச்சினையில் பாதிக்கு மேல் அதுவே ஆகிவிடும். கொத்தனாரின் 2 மீட்டர் அலுமினிய மட்டக்கட்டையைக் காலோடு சேர்த்துப் பிடித்து, அதன் மேல் ரசமட்டத்தை வையுங்கள். ஒரு முறை பார்த்தபின் ரசமட்டத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். இரண்டு முறையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் அந்த ரசமட்டத்தை நம்பலாம்.

அளவு உறுதியாகிவிட்டது என்றால் அடுத்தது கான்கிரீட். துண்டைக் கழற்ற வேண்டாம். மூன்று பேஸ் பிளேட்டின் மேல்முகத்தையும் டியூப் லெவல் வைத்து ஒப்பிடுங்கள். டியூபில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு போய்விடும், நிதானமாகத் தண்ணீர் நிரப்புங்கள். தெற்குப் பேஸ் பிளேட் மற்ற இரண்டையும்விட 4 மி.மீ. தாழ்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். எப்படி என்றால், 90 செ.மீ. பக்கமுள்ள முக்கோணத்தின் உயரம் 78 செ.மீ. மீட்டருக்கு 5 மி.மீ. வீதம் 78 செ.மீ.க்கு 3.9 மி.மீ. ஆகிறது.

இந்த 4 மி.மீ. எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்தவரை பத்துக்கு ஏழெட்டு இடத்தில் பதில் ஒன்றுதான்: வாட்டம். மழைத்தண்ணீர் தேங்கக்கூடாது என்று நம் கொத்தனார்களின் கை தானாகவே கரணையை ஒரு பக்கம் சாய்த்து இழுக்கும். மொட்டைமாடியில், குளியலறையில், திண்ணையில் எல்லாம் அது நல்ல பழக்கம். 78 செ.மீ.க்கு 4 மி.மீ. வாட்டம் கண்ணுக்கே தெரியாது. உங்கள் பேஸ் பிளேட் அடியில் மட்டம் பிடிக்கும் லெவலிங் நட்டு இல்லாமல் நேராகக் கான்கிரீட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்த வாட்டம் அப்படியே டவருக்கு ஏறிவிட்டது. கான்கிரீட் முகத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே சீராகத் தெற்கே ஓடினால் கொத்தனாரின் வேலை என்று ஓரளவு நம்பலாம்.

ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உங்கள் கரிசல். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். சித்திரை, வைகாசியில் உங்கள் நிலத்திலேயே கை நுழையும் அளவுக்கு வெடிப்பைப் பார்த்திருப்பீர்கள். பருவத்துக்குப் பருவம் மண் அசையும் ஆழம் சுமார் மூன்றரை மீட்டர் வரை போகும் என்று வைத்துத்தான் கரிசலில் வீடு கட்டுகிறவர்கள் அண்டர்-ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் மாதிரி அகன்ற கான்கிரீட் தூண், இறக்குகிறார்கள். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. உங்கள் கான்கிரீட் நிற்பது 1.5 மீட்டரில், அதாவது அசைகிற மண்ணுக்குள்ளே. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதிச் சுருங்கினால் கவலையில்லை, டவர் லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் போய்வரும். ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ச்சல் என்றால்தான் வம்பு.

இதை நான் என் சொந்த டவரில் கற்றுக்கொண்டேன். 12 மீட்டர் டவர், அதுவும் கரிசல்தான். போட்ட வருஷம் நேராக இருந்தது. அடுத்த தை மாதம் பார்த்தால் மேற்கே சாய்ந்திருந்தது. காலுக்கடியில் தகடு வைத்து நேராக்கினேன். ஆனி மாதம் பார்த்தால் கிழக்கே சாய்ந்திருந்தது. வைத்த தகட்டை எடுத்தேன். மறுபடி மழை, மறுபடி மேற்கு. இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒருநாள் காலை குளித்துவிட்டு வெளியே வந்தபோது, குளியலறைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி டவருக்குக் கிழக்கே நாலடி தள்ளியிருந்த வாழைக்குப் போவதை நின்று பார்த்தேன். அந்த வாய்க்காலைத் தினமும் பார்த்தவன்தான், டவரோடு சேர்த்து நினைத்ததில்லை. மழைக்காலத்தில் கிழக்குப் பக்க மண் மட்டும் ஆழம்வரை ஊறி ஊதுகிறது, கான்கிரீட்டின் கிழக்கு விளிம்பைத் தூக்குகிறது, டவர் மேற்கே சாய்கிறது. கோடையில் வாழையை வெட்டி வாய்க்காலையும் விட்டுவிடுவோம், அந்தப் பக்கம் மட்டும் சுருங்கி இறங்கும். வாய்க்காலைக் குழாயாக்கித் தோட்டத்தின் அந்தக் கோடிக்குத் திருப்பினேன். கான்கிரீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குச் சிமென்ட் தளம் போட்டு வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்தேன். அதற்குப் பிறகு தகடு எதற்கும் வேலை வரவில்லை.

அதனால் உங்கள் டவரைச் சுற்றி ஒரு சுற்று நடந்து பாருங்கள். தெற்குப் பக்கம் வேப்ப மரம் ஏதாவது இருக்கிறதா? வேர் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தை மட்டும் சுருங்க வைக்கும். வடக்கே தென்னம்பாத்தியோ சொட்டுநீர்க் குழாயோ போகிறதா? அது வடக்கைத் தூக்கும். இரண்டுமே டவரைத் தெற்கே சாய்க்கும். அப்புறம், கான்கிரீட்டின் நான்கு மூலையிலும் ஆணி அடித்த மாதிரி அழியாத குறி வையுங்கள். அசையாத ஓர் இடத்தை வைத்து டியூப் லெவலில் அந்த நான்கு குறியின் உயரத்தையும் எடுத்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வீட்டுச் சுவரை நம்பாதீர்கள், அதுவும் கரிசலில்தான் நிற்கிறது. பாறையில் கட்டிய கிணற்றுச் சுவர் இருந்தால் அது நல்லது. வாரம் ஒரு முறை, பெரிய மழை பெய்த மூன்றாம் நாள் ஒரு முறை எடுங்கள். நான்கும் ஒன்றுபோல ஏறி இறங்கினால் நல்லது. ஒரு மூலை மட்டும் 2 மி.மீ. நகர்ந்தாலும் தகட்டு வேலையை நிறுத்திவிட்டு முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஒன்று முடியும்வரை இந்த 3 மீட்டர் துண்டோடு மட்டும் நிறுத்திவைக்க முடிந்தால் நான் அதைத்தான் சொல்வேன். ஆன்டெனா ஏற்ற அவசரம் எனக்கும் தெரியும். அதுவரை ஒரு மூங்கிலிலோ தென்னையிலோ டைபோல் என்னும் கம்பி ஆன்டெனாவைக் கட்டி 20 மீட்டர் பேண்டில் பேசிக்கொண்டிருக்கலாம்.

சரி, கான்கிரீட் அசையவில்லை, வாட்டம்தான் காரணம் என்று முடிவாகிவிட்டது. வேலையைத் தொடங்கலாம். ஆடியில் வேண்டாம். கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை, உங்கள் ஊருக்கும் அந்தக் காற்று வரும்.

துண்டின் உச்சியிலிருந்து மூன்று பக்கமும் கயிறு கட்டி மூன்று ஆப்பில் லேசான இறுக்கத்தில் நிறுத்துங்கள். டவரில் யாரும் ஏறியிருக்கக் கூடாது, ஆன்டெனாவோ ரோட்டேட்டரோ மேலே இருக்கக் கூடாது. இதில் சமரசமே கிடையாது. நட்டுகளைக் கழற்ற வேண்டாம். வடக்கே இருக்கும் இரண்டு காலிலும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தெற்குக் காலில் மட்டும் 6 மி.மீ. மேலே போகும் அளவுக்குத் தளர்த்துங்கள். எம்20 போல்ட்டின் மரை இடைவெளி 2.5 மி.மீ. என்பதால் அது இரண்டரைச் சுற்று. கடப்பாரையைத் தெற்குப் பேஸ் பிளேட்டுக்கு அடியில் கொடுத்து மெதுவாகத் தூக்கினால் போதும், 3 மீட்டர் துண்டுக்கு ஜாக்கி தேவையில்லை. ஜாக்கியைக் கால்களை இணைக்கும் லேசிங் கம்பிக்கு அடியில் வைத்துத் தூக்கி, கம்பியை வளைத்துவிட்டவர்கள் உண்டு.

தகடு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் உயிர். வாஷரை அடுக்காதீர்கள். ஒரு விளிம்பில் மட்டும் இரும்புத் துண்டைச் செருகாதீர்கள். பேஸ் பிளேட்டின் முழு அளவுக்கு, கால்வனைஸ் செய்த தகட்டில், போல்ட் நுழைய ஒரு பக்கம் திறந்த வாய் வெட்டி, 2 மி.மீ. தகடு இரண்டும் 1 மி.மீ. தகடு இரண்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து தள்ளினால் உள்ளே போய்விடும், டவரைக் கழற்ற வேண்டியதில்லை. முதலில் இரண்டு 2 மி.மீ. தகடு வைத்து, எல்லா நட்டையும் இறுக்கி, தூக்குக்குண்டைப் பாருங்கள். நட்டு இறுகியபின் எடுக்கும் அளவுதான் அளவு. 1 மி.மீ. தகடு ஒன்று கூட்டினாலோ குறைத்தாலோ 3 மீட்டர் உச்சியில் ஏறக்குறைய 4 மி.மீ. நகரும். மையத்திலிருந்து 3 மி.மீ.க்குள் வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் டவர் ஒரு காலை நோக்கி நேராகச் சாய்ந்திருப்பதால் கணக்கு சுலபமாகிவிட்டது. இரண்டு காலுக்கு நடுவில் உள்ள முகத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் அந்த இரண்டு காலுக்கும் சமமாக 4 மி.மீ. வைக்க வேண்டும். வேறு ஏதாவது திசை என்றால், தரையில் அந்தத் திசைக்கு ஒரு கோடு இழுத்து, கோட்டின் வழியே மிகவும் பின்னால் இருக்கும் காலிலிருந்து மற்ற ஒவ்வொரு காலும் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறது என்று அளந்து, அந்தத் தூரத்தை 0.005-ஆல் பெருக்குங்கள். 90 செ.மீ. முன்னால் என்றால் 4.5 மி.மீ. அவ்வளவுதான்.

உங்கள் ஜே போல்ட் கான்கிரீட்டுக்கு மேல் 90 மி.மீ.க்குக் குறையாமல் நீட்டிக்கொண்டிருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. துண்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு போல்ட்டிலும் அடியில் ஒரு நட்டும் வாஷரும் போட்டு, அதன் மேல் பேஸ் பிளேட்டை வைத்து, மேலே நட்டும் லாக் நட்டும் போடுவது. கீழ் நட்டைத் திருப்பித் திருப்பி மில்லிமீட்டர் கணக்கில் மட்டம் பிடிக்கலாம். 4 மி.மீ. என்றால் ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. கான்கிரீட்டுக்கும் கீழ் நட்டுக்கும் உள்ள இடைவெளி போல்ட் விட்டத்தை, அதாவது 20 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் போல்ட் வளைய ஆரம்பிக்கும். மட்டம் பிடித்தபின் சுருங்காத கிரௌட் கலவையை இடைவெளியில் ஊற்றலாம். சாதாரணச் சிமென்ட் சாந்து காய்ந்ததும் சுருங்கிப் பேஸ் பிளேட்டிலிருந்து விலகிவிடும், பார்ப்பதற்கு நிரம்பியிருக்கும், ஆனால் பாரம் தாங்காது. கிரௌட்டில் தண்ணீர் வெளியேற ஒரு சின்ன வழி விடுங்கள். குழாய்க்காலுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற முடியாமல் நின்றால் கால் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். நட்டுக்கு மேல் இரண்டு மூன்று மரையாவது தெரியவில்லை என்றால் இந்த வழியை விட்டுவிட்டுத் தகட்டோடு நில்லுங்கள்.

இனி கொத்தனார் சொன்ன கம்பி. தானாக நிற்கும் டவரின் கால்கள் அடியில் இறுகப் பிடித்து நிற்கின்றன. உச்சியை 75 மி.மீ. இழுத்து நேராக்கினால் டவர் நேராவதில்லை, வில்லாக வளைகிறது. அந்த வளைவின் விசை முழுக்க அடியில் உள்ள போல்ட்டிலும் முதல் இணைப்பிலும் இராப்பகலாக உட்கார்ந்திருக்கும். தவிர, அந்தக் கம்பியின் கீழிழுப்பு டவர் செய்யும்போது கணக்கிலேயே இல்லாத ஒன்று. கம்பி என்றாவது அறுந்தால் டவர் ஒரே உதறலில் திரும்பும்.

வெல்டர் சொன்னதில் இன்னும் ஆபத்து. வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து, அங்கிருந்துதான் துரு தொடங்கும், மேலே பூசும் வெள்ளிப் பெயின்ட் கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும். அறுத்து ஒட்டிய காலின் பலத்தை யாரும் சோதித்துச் சொல்லப்போவதில்லை. அந்த ஒரு கால்தான் எதிர்க்காற்றில் பல டன் இழுவிசையைத் தாங்க வேண்டியது. 4 மி.மீ.க்காகக் காலை அறுப்பது என் மனம் ஒப்புகிற காரியமில்லை. கால்வனைஸ் எரியும் புகையும் நுரையீரலுக்குக் கெடுதல்.

உங்கள் நிலைமையில் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வார்த்தை. ஸ்டே கம்பி கட்டிய ஒல்லியான டவராக இருந்து, அடித்துண்டு கான்கிரீட்டுக்குள் புதைந்து கோணலாக நின்றால், சின்னச் சாய்வைக் கம்பிகளே சமாளிக்கும். ஆனால் அடியில் கோணலாகக் கிளம்பி முதல் கம்பிக்கட்டில் திரும்பி நேராகும்போது இடையில் ஒரு வளைவு தங்கிவிடும். அழுத்தத்தில் நிற்கும் டவருக்கு வளைவு நல்லதல்ல. அந்த வகைக்கு அழகான தீர்வு, புதைந்த கால்களைக் கான்கிரீட் மட்டத்தில் வெட்டிவிட்டு, நடுவில் ஒரே ஒரு பின் உள்ள பேஸ் பிளேட்டின் மேல் டவரை நிறுத்துவது. அமெரிக்காவில் ரோன் 25ஜி போன்ற டவர்களுக்கு இந்தப் பின் வைத்த அடித்தகடு தயாராகவே கிடைக்கிறது. பின்னின் மேல் டவர் எந்தப் பக்கமும் தன்னால் திரும்பி நேராகிக்கொள்ளும், கான்கிரீட்டின் கோணல் மேலே ஏறாது. ஆனால் முதல் துண்டு நின்ற நிமிஷத்திலிருந்து தற்காலிகக் கம்பி கட்டாமல் அதில் ஏறவே கூடாது. கம்பிகளின் ஆரம்ப இழுவிசை, கம்பி அறுபடும் பலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்று பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இழுவிசை அளக்கும் டென்ஷன் கேஜ் வைத்துத்தான் சொல்ல முடியும், கையால் தட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

தானாக நிற்கும் டவரின் கால்களே கான்கிரீட்டுக்குள் புதைந்து, மீட்டருக்கு 10 மி.மீ.க்கு மேல் சாய்ந்திருந்தால் என் கருத்து, அதை விட்டுவிடுங்கள் என்பதுதான். காலை வெட்டி, கான்கிரீட்டில் துளையிட்டு, எபாக்ஸி போட்டு புது போல்ட் இறக்குகிறேன் என்று சிலர் வருவார்கள். மேலே இழுக்கும் விசையை அந்த போல்ட் தாங்குமா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைக்காமல் செய்யக் கூடாது. உங்கள் அளவுக் கான்கிரீட்டின் எடையே 8 டன். அதை உடைத்து அள்ளுவதைவிட, இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் புதுக் குழி வெட்டுவது மலிவு. பழையதை ஒட்டிப் புதுக் கான்கிரீட் கொட்டிப் பெரிதாக்குவது மட்டும் வேண்டாம், இரண்டும் தனித்தனியாகத்தான் அசையும். புதிதாகப் போடும்போது அடித்துண்டை மட்டும் நிறுத்தி மட்டம் பார்க்காமல், அதன் மேல் இன்னும் ஒரு துண்டாவது ஏற்றி, கயிறு கட்டி, தூக்குக்குண்டு விட்டு, அப்புறம் கான்கிரீட் கொட்டச் சொல்லுங்கள். சட்டிகளை ஒரே பக்கத்திலிருந்து கொட்டினாலும், வைப்ரேட்டர் காலில் பட்டாலும் எல்லாம் நகரும். கொட்டி முடித்த அரை மணியில் இன்னொரு முறை குண்டைப் பாருங்கள், அப்போதுதான் இன்னும் தள்ளித் திருத்த முடியும்.

மறுபடி உங்கள் டவருக்கு வருகிறேன். தகடு வைத்து நேராகி, கான்கிரீட்டுக்கு 28 நாளும் ஆகிவிட்டது என்றால் அடுத்த துண்டை ஏற்றுங்கள், மொத்தத்தையும் ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டு ஏறியதும், முப்பது நாற்பது மீட்டர் தள்ளி நின்று, கண்ணுக்கு முன்னால் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி டவரை அந்த நூலோடு ஒப்பிடுங்கள். ஒரு காலுக்கு நேர் எதிரே நின்றால் பின்னால் உள்ள இரண்டு காலும் அதன் இருபுறமும் சமமாகத் தெரியும். அந்த நடுக்கால் அடியிலிருந்து உச்சிவரை நூலிலேயே நிற்க வேண்டும். அப்புறம் இதற்குக் குறுக்காக, அதாவது ஒரு முகத்துக்கு இணையாக நின்று இன்னொரு முறை. அங்கே கால்கள் ஒரே மாதிரி குறுகாது, முன்முகம் ஒரு சாய்விலும் பின்கால் வேறு சாய்விலும் தெரியும், அதனால் கண்ணை நம்பாமல் மையத்துக் குண்டையே நம்புங்கள். நிலம் அளக்கும் சர்வேயர் யாராவது பழக்கம் என்றால், கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு ஒரு காலை நேரம் வரச் சொல்லுங்கள். இரண்டு திசையில் நின்று பார்த்துச் சொல்ல அவருக்கு ஒரு மணி நேரம் போதும்.

எல்லாம் ஏறி ஆன்டெனாவும் மாட்டியபின், ஒரு வாரம் கழித்து அடி நட்டுகளை ஒரு முறை இறுக்குங்கள். முதல் பெருங்காற்றுக்கு மறுநாள் இன்னொரு முறை. மூலைக் குறிகளின் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த மழைக்கும் அடுத்த கோடைக்கும் எழுதுங்கள். தகட்டு வேலையைத் தொடங்குவதற்கு முன் மூன்று காலின் உள்வாங்கல் அளவையும், மூன்று பேஸ் பிளேட்டின் மட்டத்தையும், தெற்கிலும் வடக்கிலும் என்ன மரம், என்ன தண்ணீர் என்பதையும் எழுதி அனுப்பினால் தகட்டின் கனத்தை நானும் ஒரு முறை கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.